வாய்க்கட்டு

தங்கை புருஷன் ஹெட்லி விழுந்துவிட்ட செய்தி வந்தபோது மோர்வென்னா ஒரு கிழட்டுப் பூனையின் மாத்திரைகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில், பென்சான்ஸில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவளுடையது. தொலைபேசியில் தங்கை டாம்சின்.

"மோர், ஹெட்லிக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒத்திகையில பாடிக்கிட்டே இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம். வலது கை விழுந்துடுச்சு. பேச்சு வரல. பக்கவாதம்ங்கறாங்க."

மோர்வென்னாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் பிறகு ஒருபோதும் தன்னிடமே மறுத்ததில்லை. அடுத்த நொடியே பயம் வந்தது. வாயும் வலது கையும். அவள் கேட்டதும் அதே இரண்டைத்தான்.

"நான் உடனே வரேன்," என்றாள். பூனைக்காரர் கவருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் எப்போது போனார் என்று அவளுக்கு நினைவில்லை.

ஹெட்லியைத் தெரியாதவர்கள் பக்கத்து நியூலின் துறைமுகத்தில் கிடையாது. ஆண்கள் பாடற்குழுவின் அடிக்குரல் அவன். சேப்பலில், அந்த ஊரின் சின்னத் தேவாலயத்தில், அவன் வாயைத் திறந்தால் பலகை இருக்கைகள் அதிர்வதைத் தொடையில் உணரலாம் என்பார்கள். கடலில் யாராவது போய்விட்டால் அந்த வீட்டார் முதலில் கேட்பது, "ஹெட்லி பாட வருவானா?" என்றுதான். அவனும் போவான், ஒரு பைசா வாங்க மாட்டான், விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அந்த ஆள் வீட்டில் எப்படி என்பது டாம்சினுக்குத் தெரியும், அவளுடைய அக்காவுக்குத் தெரியும். உதடு வீங்கியிருந்தால் அலமாரிக் கதவு இடித்தது. இடுப்பில் நீலம் பாரித்திருந்தால் படகுத்துறைப் படியில் வழுக்கியது. அவன் விழுவதற்கு முந்தைய மாதம், செப்டம்பரில் ஒரு நாள் டாம்சின் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றாள்.

"போலீஸுக்குப் போவோம், டாம்ஸ். நான் கூட வரேன்."

"யாரு நம்புவா? அவங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் அவன்தானே பாடினான்."

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, அவன் வருவதற்குள் உருளைக்கிழங்கை வேகவைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள், ஒற்றைக் கையோடு.

மோர்வென்னா சேப்பலை விட்டுப் பல வருஷமாகிறது. மணவாழ்க்கை முறிந்த குளிர்காலத்தில் பின்னறையில் ஒரு பழைய பெட்டியின் மேல் நீலத் துணி விரித்துத் தன் பீடத்தை வைத்தாள். சிப்பியில் கடல்நீர், கிண்ணத்தில் கல்லுப்பு, மெழுகுவர்த்தி, கரையில் பொறுக்கிய துளை விழுந்த கல், தன் கையாலேயே களிமண்ணில் பிடித்த அம்மன். பௌர்ணமிக்கும் பருவம் மாறும் நாட்களுக்கும் பால் வைப்பாள், குங்குமப்பூ பன் வைப்பாள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய சாமிகளைக் கும்பிடும் அந்தப் பழைய வழிக்காரர்களுக்குக் கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது, வீடுதான் கோயில். மாதம் ஒரு முறை மதுக்கடை மாடியில் கூடுவார்கள். செடிப்பண்ணை வைத்திருந்த பிரையனி அவர்களுக்கு மூத்தவள். அவள் புதியவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்: "நீ எதை அனுப்பினாலும் அது மூணு மடங்கா வீடு திரும்பும். அனுப்பறதுக்கு முன்னாடி வீட்ல இடம் இருக்கான்னு பாத்துக்க."

ஊர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெட்லி மட்டும் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவான். "என்ன சூனியக்காரி, பறந்து வந்த துடைப்பத்த வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சக் கோட்டுலயா நிறுத்திட்டு வந்த? அபராதச் சீட்டு ஒட்டிடப் போறான்." சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். டாம்சினும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

மணிக்கட்டு உடைந்த அந்த வாரம், சாயங்கால வெளிச்சம் போகும் முன்னே, மோர்வென்னா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டாம்சின் எப்போதோ மறந்து விட்டுப்போன துவைத்த துணிகளுக்குள் ஹெட்லியின் கைக்குட்டை ஒன்று இருந்தது. அதைக் கிழித்துப் பொம்மை தைத்தாள். பொம்மையின் வாயைச் சிவப்பு நூலால் தைத்தாள். வலது கையை உடம்போடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். செயலைக் கட்டலாம், ஆளைக் கட்டக்கூடாது என்பது அவர்களுடைய முறை. 'இந்த வாய் என் தங்கையைச் சுடாதிருக்கட்டும், இந்தக் கை அவள்மேல் படாதிருக்கட்டும்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். ஆனால் மாவுக்கட்டோடு உருளைக்கிழங்கு சீவப்போன தங்கை கண்ணுக்குள் நின்றாள். "இந்த வாய் கட்டுண்டு போகட்டும்," என்றாள். "இந்தக் கை கட்டுண்டு போகட்டும்." பொம்மையை மண்ஜாடியில் வைத்து, உப்பைக் கொட்டி மூடி, பீடத்துக்கு அடியில் தள்ளினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அக்டோபர் முடியும் முன்னே அவன் விழுந்தான்.

மருத்துவமனையிலிருந்து ஹெட்லி வீடு திரும்பியதும் முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஊரே இறைச்சி பொதிந்த பாஸ்டியும் சூப்பும் கொண்டுவந்து குவித்தது. பாடற்குழுவினர் மழையில் தெருவில் நின்று அவனுக்காகப் பாடினார்கள். அவன் இடது கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதான். டாம்சின் கரண்டியால் ஊட்டினாள், மோவாயைத் துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள்.

"இப்ப ரொம்ப சாதுவா இருக்கான்," என்றாள் அக்காவிடம். நம்பாத ஒரு செய்தியைப் படித்துக் காட்டுவது போன்ற குரலில் அதைச் சொன்னாள்.

ஹெட்லி மோர்வென்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, தையல் போட்டு இழுத்த மாதிரி. அவள் அதிக நேரம் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சமையலறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை. பின்னறையிலிருந்து ஆழமான ஒரு முனகல் வந்தது, பாடுவதற்கு முன் குரலைச் சரிபார்ப்பது போல. பக்கத்து வீட்டு வானொலி என்று நினைத்தாள். காலடியில் படுத்திருந்த நாய் பாஸ்கோ எழுந்து, காதை மடக்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் போய் ஒண்டியது. பாஸ்கோவுக்குப் பாதிக் காது கேட்காது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். பீடம் வைத்தபடி இருந்தது. சிப்பியில் இருந்த நீர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு டீயா?" என்றது ஹெட்லியின் குரல்.

பக்கத்தில் நின்று சொல்வதுபோல அவ்வளவு தெளிவாக. அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். குரல் நின்றுவிட்டது. அன்று அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அது அவளுக்காகக் காத்திருந்தது. சாவியைத் திருப்பும்போதே கேட்டது: "எங்க போயிட்டு வர? மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? நான் ஏதாவது சொன்னேனா இப்ப?" கத்தல் இல்லை. மோர்வென்னா இத்தனை நாளும் நினைத்திருந்தது அவன் தங்கையிடம் கத்துவான் என்றுதான். இல்லை. தாழ்ந்த, பொறுமையான குரல், ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "உன்னால ஒரு காரியம் உருப்படியா செய்ய முடியாதுன்னு உனக்கே தெரியும். தெரியுமா தெரியாதா? சொல்லு. என்னைத் தவிர உன்னை யாரு வெச்சுக்குவா?" சொல்லி முடித்ததும் அதே மூச்சில் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கும், அழகாக.

அவள் கடல்நீரை மாற்றினாள், அறை முழுக்க உப்புத் தூவினாள், மூலிகைப் புகை போட்டாள், அம்மனிடம் மன்றாடினாள். குரல் புகைக்குள்ளிருந்தே, "என்ன நாத்தம் இது?" என்றது.

சில வாரங்களில் அவள் மாறிப்போனாள். தட்டை மேசைமேல் ஓசைப்படாமல் வைக்கப் பழகினாள். கெட்டிலை விசில் அடிக்கும் முன்பே இறக்கினாள். வேலையிடத்தில் டாக்டர் பின்னாலிருந்து பேசியபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்னே மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் கழிவறையில் போய் நின்றபோதுதான் உறைத்தது: குனிந்த தோளும் அந்த அவசர மன்னிப்பும் டாம்சினுடையவை. அடிதான் கொடுமை என்று இவள் நினைத்திருந்தாள். அடி எப்போதோ ஒருநாள். இது தினம்.

பிரையனியைக் கூப்பிட்டாள். செடிப்பண்ணைச் சேறு படிந்த காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு பிரையனி பின்னறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எதுவும் கேக்கல," என்றாள் வெளியே வந்து. "ஆனா உள்ள யாரோ இருக்காங்க. என்ன பண்ணின?"

மோர்வென்னா சொன்னாள். பிரையனி திட்டவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே, "அவன் வாய நீ கட்டின. வாய்க்குள்ள இருந்தது எங்கயாவது போயாகணுமில்ல? கட்டினவ வீட்டுக்கே வந்திருக்கு," என்றாள். "அவிழ்த்துடு."

"அவிழ்த்தா டாம்சின் கதி?"

"அதை அவகிட்டத்தான் கேக்கணும். அவளுக்குன்னு சொல்லித்தானே கட்டின. அவள ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அது ஒரு அடியாகவே விழுந்தது.

ஹெட்லியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வரும் நாளில் டாம்சின் மதியம் வந்தாள். சமையலறையில் தேநீருக்கு எதிரே உட்கார்ந்து மோர்வென்னா எல்லாவற்றையும் சொன்னாள்: கைக்குட்டை, நூல், ஜாடி, சொன்ன வார்த்தைகள். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாம்சின் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் சேப்பல்ல முட்டி போட்டு என்ன கேட்டேன் தெரியுமா உனக்கு?" என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். அவன் அங்க முன்னால நின்னு பாடிக்கிட்டிருப்பான். எல்லாரும் கண்ணத் தொடச்சுக்குவாங்க. நான் அவன் செத்துப்போகட்டும்னு கேப்பேன். நீ வாயும் கையும்தான் கேட்டிருக்க. உன் சாமி செஞ்சுதோ என் சாமி செஞ்சுதோ, யாரு கண்டா?"

"டாம்ஸ்..."

"இதுக்குப் போய் அழுதுக்கிட்டு."

அப்போது பின்னறையிலிருந்து அது கூப்பிட்டது. "டாம்சின்." அவ்வளவுதான், பெயர் மட்டும், மெதுவாக, கடைசி எழுத்தை அழுத்தி.

டாம்சினின் தோள்கள் காதுவரை ஏறின. அவளுக்கும் கேட்டிருக்கிறது. மோர்வென்னா அவள் கையைப் பிடித்தாள். டாம்சின் அதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அங்க வீட்ல படுத்திருக்கவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் டாம்சின். "சொன்னா அழறான். ஊரு என்ன சொல்லும். இங்க இருக்கறவன்கிட்ட சொல்லலாமில்ல?"

எழுந்து போனாள். வாழ்நாளில் முதல்முறையாக அக்காவின் பீட அறைக்குள் கால்வைத்து, கதவை உட்பக்கம் சாத்திக்கொண்டாள்.

மோர்வென்னா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் ஹெட்லியின் குரல், அதே பொறுமை, அதே கேள்விகள். பிறகு டாம்சின் பேச ஆரம்பித்தாள். தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "டீ நல்லாத்தான் இருந்துச்சு, ஹெட்லி. எல்லா நாளும் நல்லாத்தான் இருந்துச்சு." இப்படித்தான் தொடங்கியது. பிறந்து ஒரு நாள்கூடத் தங்காமல் போன பிள்ளையைப் பற்றிப் பேசினாள். அம்மாவின் சாவுக்குப் போகவிடாமல் வீட்டைப் பூட்டியதைப் பேசினாள். வெளியே வந்தபோது முகம் ஜுரம் கண்டதுபோலச் சிவந்திருந்தது.

"அடுத்த வாரமும் வரேன்," என்றாள்.

வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தாள். சேப்பல்காரி ஒருத்தி சூனியக்காரி வீட்டுக்குப் போய்வருகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது; அவள் கண்டுகொள்ளவில்லை. உள்ளே போவாள், பேசுவாள், வந்து ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடுவாள். ஒருநாள் உள்ளே அவள் சிரித்ததுகூடக் கேட்டது, யாருக்கும் பிந்தாத சிரிப்பு.

குரல் தளர்ந்துகொண்டே வந்தது. கேள்விகள் குறைந்தன. வசவுகள் பாதியில் நின்றன. பிப்ரவரியில் ஒரு மதியம் மோர்வென்னா தனியாக இருந்தபோது அது வேறு மாதிரி பேசியது.

"இருட்டா இருக்கு," என்றது. "வாயெல்லாம் உப்பு. கொஞ்சம் தண்ணி குடு."

வசவுகளை அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். இதைத் தாங்க முடியவில்லை. சிப்பியில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தாள். "தண்ணி குடு," என்றது மறுபடியும். அன்று முழுவதும் அதையேதான் கேட்டது. அவள் கோட்டை எடுத்துக்கொண்டு, நாயோடு, மழையில் கடற்கரை நெடுக நடந்தாள்.

டாம்சின் வந்ததும், "இன்னிக்கு நீயே கேளு," என்று விட்டுவிட்டாள்.

டாம்சின் கேட்டாள். திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றாள். "கத்திரிக்கோல் எங்க?" என்றாள்.

மோர்வென்னா முறைப்படி மெழுகுவர்த்தி ஏற்றி, வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் அழைத்தாள். ஜாடியைத் திறந்தபோது உப்பு கெட்டிப்பட்டுப் போயிருந்தது. கறுப்புப் பிடிக் கத்தியால் குத்தித்தான் பொம்மையை எடுக்க வேண்டியிருந்தது. துணி ஈரமாக இருந்தது.

"நான் என்ன சொல்லணும்?"

"உனக்கு என்ன தோணுதோ அதை."

டாம்சின் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். வாய்த் தையலுக்குள் கத்திரியின் நுனியை விட்டு ஒவ்வொரு இழையாக வெட்டினாள். "பேசு," என்றாள். "ஆனா என்கிட்ட வேண்டாம்."

மெழுகுவர்த்தி படபடக்கவில்லை, காற்று வீசவில்லை. காதிலிருந்து கடல்நீர் இறங்குகிற மாதிரி வீடு திடீரென்று திறந்துகொண்டது. வெளியே கடற்காகங்கள் கத்துவது கேட்டது. அவை அத்தனை மாதமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மோர்வென்னா கத்திரியை வாங்கி, கையைச் சுற்றியிருந்த நூலுக்குக் கொண்டுபோனாள். டாம்சின் தன் உள்ளங்கையால் அதை மூடினாள்.

"கை இருக்கட்டும்."

"டாம்ஸ், பாதியில விடக்கூடாது. விட்டா அது—"

"இருக்கட்டும்னு சொன்னேன், மோர்."

அவள் அப்படிப் பேசி மோர்வென்னா கேட்டதே இல்லை. கத்திரியைக் கீழே வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஹெட்லி ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடினான். பேச்சு போனவர்களுக்குப் பாட்டு முதலில் வருவது உண்டு என்றார் டாக்டர். பிறகு ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. கை மட்டும் அசையவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், நரம்பில் உயிர் இருந்தும் ஏன் அசையவில்லை என்று புரியாமல் தலையைச் சொறிந்தாள்.

வசந்தம் வந்ததும் டாம்சின் அவனை ஹெயில் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். செயின்ட் ஐவ்ஸில் பேக்கரி ஒன்றுக்கு மேலே அறை எடுத்து, கீழேயே வேலைக்கும் சேர்ந்தாள். பேச்சு திரும்புகிற நேரத்தில் புருஷனை விட்டுவிட்டுப் போனவள் என்று நியூலின் அவளைத் தூற்றியது. அவள் விடிகாலையில் எழுந்து மாவு பிசைந்தாள். உடம்பு பூசினாற்போல் ஆனாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள்.

பிரையனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கை இன்னும் கட்டியேதான் இருக்கா?"

"அவ வேண்டாம்னுட்டா."

பிரையனி நாற்றுத் தொட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "உன்மேல எனக்குக் கோவம் இல்ல, மோர்வென்னா. ஆனா அந்தக் கட்ட வீட்ல வெச்சுக்கிட்டு எங்க வட்டத்துக்குள்ள வராத. மத்தவங்க இருக்காங்க." மே மாதத் திருநாளுக்கு அவர்கள் குன்றில் நெருப்பு மூட்டியதை மோர்வென்னா தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். இப்போதும் பௌர்ணமிக்குப் பால் வைக்கிறாள். எதுவும் கேட்பதில்லை.

ஹெட்லியைப் பார்க்க அவள் போனது கோடையில். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் கிழவிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் நடுவில் சக்கர நாற்காலியில் பாடிக்கொண்டிருந்தான். குரல் முன்பைவிட மெலிந்திருந்தது, முன்பைவிட அழகாகவும் இருந்தது. ஒரு தாதிப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் மோர்வென்னாவைப் பார்த்தான். பாட்டு நின்றது.

அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹெட்லி இடது கையால் வலது கையைத் தூக்கி, அவர்களுக்கு நடுவே இருந்த சின்ன மேசைமேல் வைத்தான், பழுதுபார்க்கக் கொண்டுவந்த பொருளைப்போல. அவள் கண்களையே பார்த்தான்.

"அவி..." என்றான். வியர்த்தது அவனுக்கு. "அவிழ்..."

எப்படித் தெரிந்தது அவனுக்கு? டாம்சின் சொல்லியிருக்க மாட்டாள். மோர்வென்னா அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்து, நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டு, உபத்திரவம் எதுவும் செய்யத் தெரியாத கைபோல மேசைமேல் கிடந்தது. பேக்கரியில் மாவு பிசையும்போது டாம்சின் இடையிடையே நிறுத்தி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

நாற்காலியில் கிடந்த போர்வையை எடுத்து அந்தக் கையை மூடினாள். ஓரங்களைச் செருகிவிட்டாள். "உனக்குக் குளிருது, ஹெட்லி," என்றாள்.

வெளியே போகும்போது தாதிப்பெண் ஓடிவந்தாள். "உங்களக் கண்டதும் பேச்சு வருதே அவருக்கு. வேற யாருகிட்டயும் இப்படி முயற்சி பண்ண மாட்டாரு. அடிக்கடி வாங்களேன்."

"வரேன்," என்றாள் மோர்வென்னா.

அவள் போகிறாள், மாதம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அவன் அந்தக் கையைத் தூக்கி அவள் முன்னால் வைக்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் போர்த்திவிட்டு வருகிறாள்.